கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி

ஒரு கடைக்காரர் தன் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைக் கவனித்துக்கொள்ளச் சொல்லி என்னை அழைத்தால், முதல் சில நாள் நான் போனை வெளியே எடுப்பதில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்காருவேன். மடியில் ஒரு நோட்டு. வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் எழுதிக்கொண்டிருப்பேன். பெரும்பாலான முதலாளிகளுக்கு இது பிடிப்பதில்லை. காசு வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறானே என்று முகம் சுருங்கும். ஆனால் திருவனந்தபுரத்தில் இத்தனை வருஷம் இந்தத் தொழிலைச் செய்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு: ஒரு கடைக்கு வேண்டிய பதிவுகளில் முக்கால்வாசி, அந்தக் கடைக்கு வருகிறவர்களின் வாயிலிருந்தே வந்துவிடுகின்றன.

கிழக்கே கோட்டையில், பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகிற வழியில், கேரளத்து வேட்டியான முண்டும், மேலே போடும் நேரியதும் விற்கிற ஒரு சின்னக் கடை. நான் போவதற்கு முன் அவர்கள் பக்கத்தில் இருந்ததெல்லாம் ஓணத் தள்ளுபடி, விஷுத் தள்ளுபடி, நடுவில் அத்தப்பூக்கோலம், ஓரத்தில் குடை பிடித்த மாவேலி. நோட்டில் விழுந்த கேள்விகளில் தள்ளுபடி பற்றி எதுவுமே இல்லை. “பேன்ட் போட்டுட்டு வந்துட்டோம், உள்ள விடுவாங்களா?” “சுடிதாருக்கு மேல இதைச் சுத்திக்கிட்டாப் போதுமா?” “சின்னப் பையனுக்கும் வேட்டி வேணுமா?” “போனை எங்க வைக்கிறது?” மதுரைக்காரர், ஹைதராபாத்காரர், பெங்களூர்க்காரர் என்று யார் வந்தாலும் கேட்டது இவற்றைத்தான்.

அந்தக் கோயிலுக்குள் ஆண்கள் வேட்டி கட்டி, மேலுடம்பில் சட்டை இல்லாமல்தான் போக முடியும். பெண்களுக்குப் புடவை, முண்டும் நேரியதும், பாவாடை. சுடிதாரோடு வந்தவர்கள் அதற்கு மேல் ஒரு முண்டைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். செல்போனும் கேமராவும் உள்ளே கூடாது. இதைத்தான் வீடியோ ஆக்கினோம். கடைக்காரரின் மனைவி, சுடிதார் போட்ட ஒரு பெண்ணுக்கு முண்டைச் சுற்றி, இடுப்பில் எப்படிச் செருகினால் படியேறும்போது அவிழாது என்று காட்டினார். முதல் நொடியிலேயே திரையில் ஒரே வரி: கோயிலுக்குப் போகிறீர்களா, உடை இப்படி. நடுவில் முண்டின் விலை. கடையின் பெயர் கடைசியில். மலையாளத்தில் பேச்சு, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து. ஓணப் போஸ்டர்கள் திருவோணத்தோடு செத்துப்போயின. இந்த வீடியோவை மட்டும் பயணம் கிளம்புகிற குடும்பங்கள் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுக்கொண்டே இருக்கின்றன. லைக் குறைவுதான். நான் பார்ப்பது, எத்தனை பேர் சேமித்து வைத்தார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்பினார்கள் என்பதை. அனுப்புகிறவர் அந்தக் கடைக்குச் சம்பளமில்லாத விற்பனையாளர்.

கோட்டையிலிருந்து நாலு எட்டு நடந்தால் சாலைக் கடைத்தெரு. பதினெட்டாம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை. அரிசி, பலசரக்கு, பாத்திரம், பூ என்று அங்கே தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்துகிற தமிழர்கள் நிறைய. நாகர்கோவில், தக்கலைப் பக்கத்துப் பேச்சு அங்கே இன்னும் அப்படியே கேட்கும். அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் கேட்டார்: “தம்பி, எல்லாவனும் ரீல்ஸ்ல ஆடுகான். நம்ம பயலுவளையும் ஒரு நாளு ஆட விட்டா என்னா?” கேள்வி நியாயமானதுதான். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை செய்யப்பட்டு, ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து கடைக்காரர்களுக்கு யாரோ இதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். “ஆடட்டும் அண்ணாச்சி. ஆனா அதப் பாத்தவன் நம்மகிட்ட மல்லியும் மிளகாயும் வாங்க வருவானா?” என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “வரமாட்டான்” என்றார்.

அவர் கடையில் என் நோட்டில் திரும்பத் திரும்ப விழுந்தது பட்டை. ஒரே பெயரில் இரண்டு சரக்கு, விலையில் பெரிய வித்தியாசம், ஏன்? அண்ணாச்சியையே கேமராவுக்கு முன் நிறுத்தினேன். உள்ளங்கையில் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றை விரலால் நசுக்கினார். மெல்லிய தாள்களைச் சுருட்டி வைத்ததுபோலப் பல அடுக்காக இருந்தது, சட்டென்று நொறுங்கியது. அதுதான் இலங்கைப் பட்டை. மற்றது தடித்த ஒற்றை அடுக்கு, உடைக்கக் கையில் பலம் வேண்டும். பிரியாணிக்கு எது, பாயசத்துக்கு எது, கிராம் என்ன விலை என்று அவர் பாணியில் சொல்லி முடித்தார். பின்னணியில் தராசுத் தட்டுச் சத்தம், சுமட்டுத் தொழிலாளிகளின் குரல். பாட்டு எதுவும் போடவில்லை. வணிகக் கணக்கில் சினிமாப் பாட்டைப் போட்டால் உரிமைப் பிரச்சினையில் ஒலியை அடைத்துவிடுகிறார்கள். அதைவிட முக்கியம், சாலையின் சத்தம் சாலைக்கு மட்டும்தான் உண்டு.

அண்ணாச்சிக்கு இன்ஸ்டாகிராமைவிட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தான் வியாபாரம் கொண்டுவந்தது. அதில் பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. நீங்கள் ஒரு வாடிக்கையாளரின் எண்ணைச் சேமித்திருந்தால் மட்டும் போதாது. அவரும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்திருந்தால்தான் உங்கள் ஸ்டேட்டஸ் அவருக்குத் தெரியும். ஒரே நேரத்தில் 256 பேருக்கு அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலுக்கும் அதே விதிதான். அதனால் பில் போடுகிற பையனிடம், “அம்மா, கடை நம்பரைப் போன்ல போட்டுக்கிடுங்க, நாளைக்கு என்ன சரக்கு வருதுன்னு தெரியும்” என்று ஒவ்வொருவரிடமும் சொல்லச் சொன்னோம். செலவே இல்லாத வேலை. காலை ஏழு மணிக்கு அன்றைய சரக்கும் விலையும் ஸ்டேட்டஸில். அவ்வளவுதான்.

ட்ரெண்டைப் பிடித்தால் போதும் என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊர் விமானத்தை உதாரணம் காட்டுவார்கள். 2025 ஜூன் 14 இரவு, பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35பி போர் விமானம் ஒன்று திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவசரமாக இறங்கியது. ஹைட்ராலிக் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது, நாள்கள் போயின, மழையில் நின்றது. ஜூலை 2 அன்று கேரளச் சுற்றுலாத் துறை ஒரு பதிவு போட்டது. தென்னை மரங்களுக்கு நடுவே ஓடுபாதையில் அந்த விமானம், ஐந்து நட்சத்திரம், இந்த ஊர் பிரமாதம், போகவே மனசில்லை என்று விமானமே எழுதிய மாதிரி ஒரு விமர்சனம். உலகச் செய்தித்தாள்கள் வரைக்கும் போனது. ஜூலை 22 அன்று விமானம் பறந்துபோனது. பதிவு இன்னும் பேசப்படுகிறது.

அது அதிர்ஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. 1989-இல் ‘கடவுளின் சொந்த நாடு’ என்ற வாசகத்தை எடுத்துக்கொண்டதிலிருந்து அந்தத் துறை சொல்லிக்கொண்டிருப்பது ஒரே சேதிதான்: வந்தவர்களுக்குப் போக மனம் வராது. முப்பத்தைந்து வருஷமாகச் சொன்னதை ஒரு விமானம் வந்து மெய்யாக்கிக் காட்டியது. அந்த வாசகம் மக்கள் மனசில் ஏற்கெனவே இல்லாமல் இருந்திருந்தால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றிருக்கும். விமானியையோ அவர் நாட்டையோ அந்தப் பதிவு கேலி செய்யவும் இல்லை. பதிவு வந்த அடுத்த வாரம் எனக்கு வந்த போன் அழைப்புகள் எல்லாம் விமானம் கேட்டுத்தான். பிரியாணிக் கடை, நகைக் கடை, டியூஷன் சென்டர். விமானத்துக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு எல்லோரையும் தடுத்தேன். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சம்மதித்தேன். சாக்கையில், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, லாரிக்கும் மண் அள்ளும் இயந்திரத்துக்கும் ஹைட்ராலிக் பழுது பார்க்கிற ஒர்க்‌ஷாப் அது. அவர்களுடைய தினப்படித் தொழில் எதுவோ அதுவே அன்றைய செய்தியாகவும் இருந்தது. ஹைட்ராலிக் ஆயில் கசிந்தால் வண்டி ஏன் நிற்கிறது என்று மெக்கானிக் எண்ணெய்க் கையோடு விளக்கினார். மெக்கானிக் பேசப் பேச, டிரைவர்கள் கமெண்டில் தங்கள் வண்டிக் கோளாறுகளை எழுதினார்கள். ஒவ்வொன்றுக்கும் அவரே பதில் சொன்னார். அந்தப் பதில்களில்தான் வேலை வந்தது.

இந்த ஊரிலேயே தலைமையகம் வைத்திருக்கும் கேரளக் காவல்துறையின் பேஸ்புக் பக்கத்தை நான் பாடப்புத்தகமாக வைத்துப் படித்திருக்கிறேன். மீம் போட்டுப் போக்குவரத்து விதி சொல்கிற போலீஸ் என்று நாடே பேசியது. பின்தொடர்வோர் எண்ணிக்கையில் நியூயார்க் போலீஸ் பக்கத்தையே முந்தியது. 2020 மார்ச்சில், கொரோனா பயம் ஊரைப் பிடித்திருந்தபோது, முகக்கவசம் அணிந்த போலீஸ்காரர்கள் சிலர் ‘அய்யப்பனும் கோஷியும்’ படப் பாட்டுக்கு ஆடிக்கொண்டே கை கழுவும் முறையைக் காட்டினார்கள். அங்கே ஆட்டம் சரியாகப் பொருந்தியது. விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒவ்வொரு அசைவும் மக்களுக்கு அன்று தேவைப்பட்ட விஷயம். அதே வருஷம் அவர்களே ‘பி.சி. குட்டன்பிள்ளை ஸ்பீக்கிங்’ என்று, டிக்டாக் வீடியோ போட்டவர்களைக் கலாய்க்கிற நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். பெண்களை இழிவுபடுத்துகிறது என்று கண்டனம் எழுந்து, அது நிறுத்தப்பட்டது. ஆட்களும் அதே ஆட்கள், பக்கமும் அதே பக்கம். முதலாவது பார்க்கிறவனுக்கு உதவியது, இரண்டாவது பார்க்கிறவர்களில் ஒருவரைச் சிரிப்புக்குப் பலியாக்கியது. எந்த வாடிக்கையாளரையும், எந்த ஊழியரையும் கேலிப்பொருளாக்கும் பதிவை நான் எடுத்துக் கொடுப்பதில்லை. கடைக்காரர் எவ்வளவு வற்புறுத்தினாலும் இதில் மாற்றம் இல்லை.

இனி பாலராமபுரம். எனக்கு மிகவும் பிடித்த வேலை அங்கேதான் நடக்கிறது.

நகரத்திலிருந்து நாகர்கோவில் சாலையில் தெற்கே போனால் வருகிற ஊர். 1798 முதல் 1810 வரை ஆண்ட மன்னர் பாலராம வர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து நெசவுத் தொழில் செய்யும் சாலியர் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். குழித்தறியில் நெய்கிற வெள்ளைத் துணியும் கசவு என்கிற சரிகைக் கரையும் புவிசார் குறியீடு பெற்றவை. நெசவாளர் தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, மிதியை மிதித்து, நாடாவைத் தள்ளி நெய்கிறார். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சிப்பசை போட்டு, இழை ஒட்டாமல் வாரிவிடுகிற காட்சியைப் பார்த்தால் யாருக்கும் போனை எடுக்கத் தோன்றும். எடுத்துப் போடுகிறார்கள். எல்லாம் ஒரே மாதிரி அழகாக இருக்கின்றன, துணி விற்பதில்லை.

ஏன் என்று நோட்டு சொன்னது. துணி வாங்க வருகிற அம்மா தறியின் அழகைப் பற்றிக் கேட்பதில்லை. “இது கைத்தறி தன்னெயாணோ?” என்று கேட்கிறார். அடுத்த கேள்வி, “கசவு கறுக்குமோ?” விசைத்தறித் துணி வெளியூரிலிருந்து வந்து பாலராமபுரம் என்ற பெயரில் விற்கப்படுகிற நாளில் இந்த இரண்டு கேள்வியிலும் நியாயமான பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்கிற வீடியோதான் துணியை விற்கும்.

அதை எடுக்கிற முறையைச் சொல்கிறேன். கூரை தாழ்ந்த தறிக்கூடம், ஒரு ஜன்னல், ஒரு டியூப்லைட். முதலில் டியூப்லைட்டை அணைக்கச் சொல்வேன். அந்த வெளிச்சத்தில் வெளுக்காத நூலின் இளமஞ்சள் பச்சையடித்துப் போகும். வாங்கினவர் பெட்டியைத் திறந்து, “படத்துல பார்த்த நிறம் இல்ல” என்று திருப்பி அனுப்புவார். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி துணியை வைப்பேன். தறிக்கூடத்தில் பஞ்சுத் தூசி பறந்துகொண்டே இருக்கும், லென்சை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். கசவு நேர் வெளிச்சத்தில் வெறும் வெள்ளைப் பட்டையாகத் தெரியும். திரையில் கசவின் மேல் விரலை வைத்து அழுத்தி, வெளிச்ச அளவை அங்கேயே பூட்டி, கொஞ்சம் இறக்கினால் பொன்னிறம் வந்துவிடும். அதற்குப் பிறகு போன் அசையக் கூடாது. துணிதான் அசைய வேண்டும். விரலால் ஓரத்தைப் பிடித்து மெல்லத் திருப்பும்போது பின்பக்கம் தெரியும். குழித்தறி நெசவில் கசவு முன்னும் பின்னும் ஒரேபோல இருக்கும். அந்தத் திருப்புதலை வெட்டில்லாமல் ஒரே ஓட்டமாகக் காட்டினால், கைத்தறியா என்று கேட்டவருக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதிக்கு, 2006-இல் மத்திய அரசு கொண்டுவந்த கைத்தறி முத்திரைச் சீட்டை நெருக்கத்தில் காட்டுவேன். எழுத்தைத் திரையின் அடியில் போடக் கூடாது. அங்கே கணக்கின் பெயரும் இன்ஸ்டாகிராம் பொத்தான்களும் வந்து மறைத்துவிடும். நடுவுக்குச் சற்று மேலே போடுங்கள்.

கசவு கறுக்குமா என்பதற்குக் கடைக்காரரையே உண்மை பேச வைத்தேன். வெள்ளிக் கம்பியில் பொன் முலாம் பூசியது இது, விலை இவ்வளவு, வியர்வையோடு மடித்து வைக்காதீர்கள். இது மலிவான சரிகை, விலை இவ்வளவு, சில வருஷத்தில் மங்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலையைச் சொன்னார். மங்கும் என்று சொன்னால் யார் வாங்குவார்கள் என்று அவர் மகன் பயந்தான். ஓணத்துக்கு ஒரு நாள் கட்டிக்கொள்ள வேண்டியவர்கள் மலிவானதை வாங்கினார்கள், கல்யாணத்துக்கு வாங்கியவர்கள் மற்றதை வாங்கினார்கள். திருப்பி அனுப்புவது குறைந்தது.

விலையை மறைக்கிற வழக்கம் மேல் எனக்குக் கடுமையான கோபம் உண்டு. “விலைக்கு இன்பாக்ஸ்” என்று எழுதுகிற பதிவு, வாடிக்கையாளரின் பையைப் பார்த்து விலை சொல்லப் போகிறேன் என்று அறிவிக்கிற பதிவு. பக்கத்துக் கடைக்காரன் பார்த்துவிடுவான் என்பார்கள். பக்கத்துக் கடைக்காரனுக்கு உங்கள் விலை நேற்றே தெரியும். தெரியாதவர், பஸ்ஸில் உட்கார்ந்து ஒலியை அடைத்துவிட்டு உங்கள் வீடியோவைப் பார்க்கிற பெண்மணிதான்.

கணக்கை வெளிப்படையாகச் சொன்னால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2018 வெள்ளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலத்தில் நெசவாளர்களின் ஓணத் துணி சேற்றில் ஊறிப்போனபோது, லட்சுமி மேனனும் கோபிநாத் பாறயிலும் அந்தத் துணியைச் சுத்தம் செய்து சேக்குட்டி என்ற சின்னப் பொம்மைகளாக்கினார்கள். அவர்கள் பரப்பிய கணக்கு எளிமையானது: ஏறக்குறைய 1,300 ரூபாய்ச் சேலையில் 360 பொம்மை, பொம்மை 25 ரூபாய், மொத்தம் 9,000. கறையை மறைக்கவில்லை, கறைதான் பொம்மையின் முகம். இரக்கம் காட்டுங்கள் என்று கேட்பதற்குப் பதிலாக ஒரு கணக்கைக் காட்டினார்கள். அந்தக் கணக்கை யாரும் இன்னொருவருக்கு ஒரே மூச்சில் சொல்ல முடிந்தது. நான் பார்த்ததில் இதைவிட நேர்மையான பதிவு குறைவு.

இப்போது செயற்கை நுண்ணறிவில் ஒரு வரி எழுதினால் கசவுச் சேலை கட்டிய பெண் படம் வந்துவிடுகிறது. விமானப் பதிவில் அப்படி ஒரு படம் இருந்தால் எல்லோருக்கும் அது விளையாட்டு என்று தெரியும். விற்கிற துணிக்கு அப்படிப் படம் போடுவது ஏமாற்று. நெய்யாத நெசவைக் காட்டிக் காசு வாங்குவதற்கு வேறு பெயர் இல்லை. காசு வாங்கிக்கொண்டு பாராட்டுவதும் அப்படியே. 2021-இலேயே இந்திய விளம்பரத் தர மன்றம் சொன்னது, 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறையும் வழிகாட்டுதல் தந்தது: காசோ பொருளோ வாங்கிப் பாராட்டினால், பார்ப்பவர் கண்ணில் படும்படி விளம்பரம் என்று எழுத வேண்டும். தவறான விளம்பரத்துக்கு அபராதம் 10 லட்சம் வரை, மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை. பலர் இதைக் குறிச்சொற்களின் கூட்டத்தில் ஒளித்துவைக்கிறார்கள். நான் முதல் வரியிலேயே எழுதச் சொல்கிறேன். எழுதியதால் யாரும் ஓடிவிடவில்லை.

படம் எடுக்கும் இடத்திலும் இதே நேர்மை வேண்டும். மாசியில் ஆற்றுகால் பகவதி கோயில் பொங்கல் வரும். 2009-இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் ஏறிய விழா. மணக்காட்டிலிருந்து கோட்டை தாண்டித் தம்பானூர் வரை தெருவெல்லாம் செங்கல் அடுப்பு. அன்று எல்லோரும் எடுப்பது புகையில் கண் கலங்கி நிற்கும் பெண்ணின் முகத்தை. வேண்டிக்கொண்டு நிற்கிறவரைக் கேட்காமல் எடுத்துக் கடை விளம்பரத்தில் சேர்க்க யாருக்கும் உரிமை இல்லை. அந்த வாரம் பெண்களுக்கு உண்மையில் வேண்டியவை, மண்கலம் எங்கே என்ன விலைக்குக் கிடைக்கும், விரிசல் இருக்கிறதா என்று எப்படித் தட்டிப் பார்ப்பது, திரும்பிப் போக பஸ் எங்கே நிற்கும் என்பவைதான். சாலைக் கடைத்தெருவில் மண்பாண்டம் விற்கிற ஒரு மூதாட்டி, கலத்தை விரல் முட்டியால் தட்டி, நல்ல கலத்தின் சத்தமும் கீறல் விழுந்ததன் சத்தமும் கேட்கவைத்தார். முகம் காட்ட அவருக்கு விருப்பமில்லை, கையை மட்டும் எடுத்தோம். அந்தக் கை போதுமானதாக இருந்தது.

இதைப் படிக்கிறவர்களில் கடை வைத்திருப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. நெசவாளரையும் பானை விற்கிறவரையும் சமையல்காரரையும் படம் எடுக்கிறோம். படம் எடுக்கிற நேரம் தறி நிற்கிறது. நெசவாளருக்குச் சம்பளம் மாதக் கணக்கில் இல்லை, நெய்த துணிக்குத்தான் கூலி. ‘இன்னொரு தடவை’, ‘இன்னொரு தடவை’ என்று நாம் கேட்கிற ஒரு காலைப் பொழுது அவருடைய அரைநாள் வருமானம். அதைக் கணக்குப் போட்டு, படம் எடுப்பதற்கு முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். எடுத்ததை அவரிடம் காட்டி, சம்மதம் கேட்ட பிறகு பதிவிடுங்கள். அவர் விரும்பினால் அவர் பெயரையும் போடுங்கள்.